கோட்டைச்சாமி கேட்ட வயலின்

கோட்டைச்சாமி அண்ணனுக்குப் பாட்டு வரி எதுவும் நினைவில் நிற்காது. பல்லவியில் முதல் இரண்டு சொல்லைப் பாடுவார். அதற்கு மேல் எல்லாம் ‘தன்னன்னா’தான். ஆனால் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற இசை இருக்கிறதே, அதை ஒரு இழை தவறாமல் வாயாலேயே வாசித்துக் காட்டிவிடுவார். புல்லாங்குழல் எங்கே நின்றது, வயலின்கள் எங்கே சேர்ந்தன, எல்லாம் அத்துப்படி. எங்கள் ரசிகர் மன்றத்தில் மற்றவர்கள் பாட்டுக்கு ரசிகர்கள் என்றால் இவர் ஒருவர்தான் இடையிசைக்கு ரசிகர்.

எங்கள் இசையமைப்பாளர் வேதநாதன். சினிமாவில் அவர் கொடி பறந்த காலம் போய்விட்டது என்று ஊரே சொன்ன பிறகும் சிவகாசியில் அவருக்காக மன்றம் வைத்திருந்த பிடிவாதக்காரர்கள் நாங்கள். மன்றத் தலைவர் காசிராஜன் அண்ணாச்சி, காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸுக்கு முதலாளி. நான் பெத்தணன், அந்தப் பிரஸ்ஸில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவன். கோட்டைச்சாமி அண்ணன் சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். அவருடைய அப்பா அடுத்தவர் புஞ்சையில் கூலி வேலை பார்த்தே செத்தார். இவர் டவுசர் போட்ட வயதில் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறியவர், அப்படியே பட்டாசுக்கு வந்துவிட்டார். அவர் மனைவி மாரித்தாயும் அதே கம்பெனிதான். பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவர் பாட்டில் ஆற்றிக்கொண்டார், மதினி எதில் ஆற்றிக்கொண்டாள் என்று நான் கேட்டதில்லை.

மருந்து கலக்கும் அறை மற்ற அறைகளை விட்டுத் தள்ளி ஒதுக்குப்புறமாக இருக்கும். நாலு பக்கமும் கதவு. உள்ளே ஒரே ஆள். அலுமினியப் பொடியையும் வெடியுப்பையும் மற்றதையும் சலித்துச் சேர்க்கிற வேலை. மாலையில் அண்ணன் வெளியே வரும்போது கோயில் சிலைக்கு வெள்ளிக் கவசம் சாத்தியது போல உடம்பெல்லாம் மின்னும். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் நாள் முழுக்க அவருக்குத் துணை அவர் வாயில் ஓடுகிற இடையிசைதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து அறை ஒன்று போனது. ‘வெடித்தது’ என்று எங்கள் பக்கத்தில் சொல்ல மாட்டோம், ‘ரூம் போயிருச்சு’ என்போம். இரண்டு பேர் செத்தார்கள். அண்ணனைத் தூக்கிக் கருவேலஞ்செடிக்குள் எறிந்தது, ஆனால் மேலில் ஒரு காயம் இல்லை. ஒரு மாதம் காதுக்குள் வண்டு கத்துகிறது என்றார். கம்பெனியில் ஒரு சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். வண்டு போய்விட்டது என்று சொல்லி மறுபடி வேலைக்குப் போய்விட்டார். பிழைத்து வந்தவனுக்குச் சொட்டு மருந்தே பெரிய மரியாதை என்று அந்தக் கம்பெனி நினைத்திருக்கும்.

இந்த வருடம் ஆனி மாதம் வேதநாதன் ஒரு வயலின் கான்செர்ட்டோ வெளியிட்டார். ஒரே ஒரு வயலின் முன்னால் நின்று வாசிக்க, ஒரு பெரிய வெளிநாட்டு வாத்தியக் குழு பின்னால் துணை போகிற இசை. மூன்று பாகம், அரை மணிக்கும் மேல். பாட்டு கிடையாது, பாடகர் கிடையாது, படம் கிடையாது. ஒலி மட்டும்தான் வந்திருந்தது. காசிராஜன் அண்ணாச்சி மன்றத்தைக் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை, பிரஸ்ஸில் மெஷின் ஓடாத நாள். பேப்பர் ரீம்களைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, அண்ணாச்சி தன் வீட்டு ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து வைத்தார். அவர் மகள் கீர்த்திகா சென்னையில் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். கேட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் கருத்துச் சொல்ல வேண்டும், போனில் வீடியோ எடுத்து இணையத்தில் போடப்போகிறேன் என்றாள். அதைக் கேட்டதும் இரண்டு பேர் போய்ச் சட்டை மாற்றிவிட்டு வந்தார்கள்.

கேட்டோம். பத்து நிமிடம் ஆனதும் ஒருவர், “பாட்டு எப்ப வரும்?” என்றார். அண்ணாச்சி முறைத்தார். மூன்றாம் பாகத்தில் ஒருவர் குறட்டை விட்டார். உண்மையைச் சொன்னால் என்ன, எங்களில் பாதிப் பேருக்கு அது பிடிபடவில்லை. நான் ஏற்கெனவே போனில் மூன்று தடவை கேட்டிருந்ததால் கொஞ்சம் தெம்பாக உட்கார்ந்திருந்தேன்.

கீர்த்திகா போனை நீட்டியதும் அண்ணாச்சி, “பெரிய ஓட்டல்ல சாப்பிட்ட மாதிரி இருக்கு. நல்லா இல்லனு சொல்லப் பயமாவும் இருக்கு” என்றார். எங்களுக்குள் கீபோர்டு கற்றுக்கொடுக்கிற மணிகண்டராஜ் ஒருவன்தான் இசை படித்தவன். இது மேல்நாட்டு முறைக்குள் நம்ம ராகத்தை வைத்த வேலை என்று ஆரம்பித்தவனை நிறுத்துவதற்குள் கீர்த்திகாவுக்குக் கை வலித்துவிட்டது. இரண்டாம் பாகம் அழ வைத்தது, மூன்றாம் பாகம் இல்லாமலே இருந்திருக்கலாம் என்று நான் சொன்னேன். இப்போதும் அதே கருத்துதான்.

கடைசியில் கோட்டைச்சாமி அண்ணன். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“ரெண்டாவது பாகத்துல வயலின் ஒத்தையில மேல ஏறிக்கிட்டே போகுது. படிப்படியா, மச்சுக்கு ஏறுற மாதிரி. உச்சிக்குப் போனதும் நின்னுருது. அம்புட்டுத்தான். ஒண்ணுமே இல்ல. கீழ மத்த வாத்தியமெல்லாம் மெதுவா மூச்சு விட்டுக்கிட்டு அதுக்காகக் காத்துக் கெடக்கு. அது வரல. எம்புட்டு நேரம்! பெறகு சாவகாசமா எறங்கி வருது. அன்னைக்கு ரூம் போச்சுல்ல, அது போன பெறகு ஒண்ணுமே கேக்காம ஒரு இது இருந்துச்சு. அந்த மாதிரி. வயலினக் கையில வச்சுக்கிட்டு வாசிக்காம நிக்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும்யா.”

அண்ணாச்சி கை தட்டினார், எல்லாரும் தட்டினார்கள். கீர்த்திகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மணிகண்டராஜ் மட்டும் என் பக்கம் குனிந்து, “அண்ணே, அந்த எடத்துல வயலின் நிக்கவே இல்லயே. மேல் தந்தியோட நுனியில விடாம வாசிக்குது. முழுசுலயும் அதுதான் கஷ்டமான எடம்” என்றான்.

எனக்கும் அது தெரியும். நூல் போல மெலிசாக, பிடித்து இழுத்தால் அறுந்துவிடுவது போல அந்த வயலின் அங்கே அழுதுகொண்டிருக்கும். அண்ணன் தூங்கிவிட்டார் போல என்று முதலில் நினைத்தேன். ஆனால் தூங்குகிற ஆள் இல்லை அவர்.

திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார வைத்து, என் போனில் அந்த இடத்தைப் போட்டேன். இயர்போனில் ஒன்றை அவர் காதில் கொடுத்து மற்றதை நான் வைத்துக்கொண்டேன். வயலின் ஏறியது. அண்ணன் தலையை ஆட்டினார். பிறகு விரலைத் தூக்கி, “இந்தா, நின்னுருச்சு பாத்தியா?” என்றார். என் காதில் அது உயிரைக் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு இயர்போனையும் மாற்றி வைத்தேன். மறு காதில் கேட்க வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் விரலைத் தூக்கினார், முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“அண்ணே, அங்கன வயலின் வாசிக்குது” என்றேன்.

“போலே.”

“நெசமாத்தாண்ணே. உங்களுக்குக் கேக்கல.”

“நீ பேசுறது கேக்குதுல்ல? பஸ்ஸு போறது கேக்குதுல்ல? அப்பறம் என்னலே?” என்று டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

காது போனால் போகட்டும், வயசானால் யாருக்கும் போகிறதுதான் என்று விடக்கூடிய விஷயமாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். இது அப்படியில்லை. அலுமினிய மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். போவதற்கு முன்னால் ‘உஸ்ஸ்’ என்று மெல்லிசாகச் சீறும். புகை வருவதற்கும் முந்தி வருகிற சத்தம் அது. எங்கள் பக்கத்தில் மருந்து அறையிலிருந்து உயிரோடு வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அந்தச் சீறலைக் கேட்டு ஓடி வந்தவர்கள்தான். இவருக்கு அந்த வயலினே கேட்கவில்லை என்றால் அந்தச் சீறல் எங்கே கேட்கப்போகிறது? இதை நான் சொன்னபோது, “மருந்து மூக்குல பேசும்லே, காது எதுக்கு?” என்றார்.

அதற்குள் கீர்த்திகா போட்ட வீடியோ பரவிவிட்டது. எங்கள் எல்லாருடைய கருத்தையும் வெட்டி எறிந்துவிட்டு அண்ணன் பேசியதை மட்டும் தனியாகப் போட்டிருந்தாள். ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். ‘இசை படித்தவர்களுக்குக் கேட்காத மௌனம் ஒரு தொழிலாளிக்குக் கேட்டிருக்கிறது’ என்று யாரோ ஒருவர் நீளமாக எழுதினார். அதற்குக் கீழே ஆளாளுக்குக் கும்பிடு போட்டார்கள். அந்த மௌனம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று ஒரு பயலாவது தேடிப் பார்த்திருக்க வேண்டாமா? காது கேட்கிற அத்தனை பேரும் அந்த வயலினைக் கேட்டுக்கொண்டே மௌனம், மௌனம் என்று எழுதினார்கள். எனக்கு வந்த எரிச்சலில் போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

அண்ணன் நடையே மாறிவிட்டது. மறுபடியும் நான் காதைப் பற்றி எடுத்தபோது, “இம்புட்டுப் பேரு சரிங்காக, நீ ஒருத்தன் செவிடுங்க. யாரு சொல்றத எடுத்துக்க?” என்று கேட்டார்.

கம்பெனி போர்மேனிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “எப்பா, அவரு பாட்டுக் கேட்டுச் சொன்ன கருத்த ஊரே தூக்கி வச்சு ஆடுது. அவருக்கா காது கேக்கல? சீசன் நேரத்துல வந்து வெளையாடாத” என்றார். மருந்து கலக்க இன்னொரு கைகண்ட ஆள் தீபாவளிக்கு முன்னால் கிடைப்பானா? அதனால் அந்த வீடியோ அவருக்கும் வசதியாகப் போயிற்று.

ஆடியில் ஒரு நாள் சண்டை போட்டு, மதினியையும் கூட்டிக்கொண்டு, விருதுநகரில் ஒரு காது டாக்டரிடம் அண்ணனை இழுத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். முதலில் சரசரவென்று தூக்கினார். பிறகு விரல் மடியிலேயே கிடந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற மதினி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினில் வந்த கோடு பாதி வரை ஒழுங்காக வந்து, அப்புறம் கிணற்றில் விழுந்தது போலச் செங்குத்தாக இறங்கியிருந்தது. கனத்த சத்தமெல்லாம் கேட்கிறது, கீச்சு சத்தம் எதுவும் கேட்கவில்லை, பேச்சை வாயைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்கிறார், அதனால் அவருக்கே தெரியவில்லை என்றார் டாக்டர். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

“பிரஸ்ல” என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நான் கத்தினேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் ஒரு பாக்கெட் சேவு வாங்கி என் கையில் திணித்துவிட்டு, “தீபாவளி முடியட்டும்லே. பெறகு பெட்டி ஒட்டுற பக்கம் மாறிக்கிறேன்” என்றார். எங்கள் ஊரில் கல்யாணம், கடன், வைத்தியம், சாவு எல்லாவற்றையும் தீபாவளி முடியட்டும் என்றுதான் தள்ளி வைப்பார்கள்.

அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மதினியிடம், “நீங்களாவது சொல்லுங்க மதினி” என்றேன்.

“எனக்கு அப்பவே தெரியும் தம்பி. குக்கர் விசில் அடிச்சாத் திரும்பிப் பாக்க மாட்டாக. நான் கூப்புட்டா அவுகளுக்குச் சரியாக் கேக்காது, முன்னால போயி நின்னுதான் பேசுவேன்.”

“தெரிஞ்சுமா விட்டீக?”

“சொன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவாகளே. மருந்துக்காரருனு அங்கன ஒரு பேரு இருக்கு. அது போயிட்டா மனுசன் மொடங்கிப் போவாக.” பிறகு என் பக்கம் நெருங்கி, “அப்பவே போர்மேன்ட்ட கேட்டு நான் திரி வைக்கிற ரூமுக்கு மாறிட்டேன். அங்கன வாசப்பக்கம் உக்காந்தா மருந்து ரூம் நேரா தெரியும். நான் காதக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள்.

இரண்டு வருடமாக அப்படி உட்கார்ந்திருக்கிறாள். கை திரி வைக்க, காது மருந்து அறையில் கிடக்க, பக்கத்தில் இருக்கிற பெண்கள் பேசுகிற கதையில்கூடக் கலந்துகொள்ளாமல். திமிர் பிடித்தவள் என்று அவளுக்குப் பெயராம்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை நல்ல மழை. கலந்து மிஞ்சிய மருந்தை அன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். சீசனில் யார் அழிக்கிறார்கள்? லோடு போக வேண்டும், ஆர்டர் நிற்கிறது. அழிக்க வேண்டாம், மூடி வை என்று போர்மேன் சொல்ல, அண்ணன் தட்டில் வைத்துத் தார்ப்பாயால் மூடிவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலையில் அதை ஒரு ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு புது மருந்து சலிக்க உட்கார்ந்திருக்கிறார்.

அது சீற ஆரம்பித்ததை முதலில் கேட்டது மாரித்தாய் மதினி. அவள் போட்ட கூச்சலில்தான் திரி அறைப் பெண்கள் தப்பித்தார்கள். அந்தச் சத்தம் வந்தால் எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டுக் கிடைத்த கதவு வழியாக ஓட வேண்டும். யாரையும் கூப்பிடக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, உள்ளே பெற்ற பிள்ளை இருந்தாலும் சரி. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். எல்லாரும் ஓடினார்கள். மதினியும் வெளியே வந்தாள். மருந்து அறையிலிருந்து ஆள் வரவில்லை என்றதும், கத்திக்கொண்டே அந்தப் பக்கம் ஓடினாள்.

அண்ணன் பின்னால் என்னிடம் சொன்னது இது. நிழல் தட்டியதும் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். கதவில் மாரித்தாய், வாய் திறந்திருக்கிறது. மருந்து அறைக்குள் வேறு ஆள் வரக் கூடாது. “கூறுகெட்டவளே, உள்ள ஏன் வார?” என்று வைதிருக்கிறார். அவள் வந்த வேகத்தில் நெஞ்சில் கையைக் கொடுத்து எதிர்க்கதவு வழியாக அவரைத் தள்ளினாள். அவர் வெளியே மண்ணில் விழுந்தார். ரூம் போய்விட்டது.

மதினியைத் தார்ப்பாயில்தான் எடுத்தார்கள். பிறகு நடந்ததெல்லாம் வழக்கமாக நடப்பது. அதிகாரிகள் வந்தார்கள், கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள், போர்மேன் தலைமறைவு என்றார்கள். அண்ணனுக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயிருந்தது. அந்த வீடியோவுக்குக் கீழே ‘மௌனத்தைக் கேட்ட மனிதருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். வீடியோவையே எடுத்துவிடச் சொல்லி அண்ணாச்சியிடம் கேட்டேன். “அது அவருக்கு ஒரு மரியாதைடா” என்றார். முதலாளி என்றும் பாராமல் நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. மன்றம் அன்றோடு முடிந்தது.

தீபாவளி முடிந்து அண்ணனுக்குக் கட்டு அவிழ்த்தார்கள். இந்தத் தடவை காதில் மிச்சம் இருந்ததிலும் பெரும்பகுதி போய்விட்டது. காதோரம் வாயை வைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்கும். ஒரு நாள் என்னை வரச்சொல்லி, திரி அறைப் பெண்கள் வீடுகளுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

“அவ கத்திக்கிட்டே வந்தாள்ல. என்ன சொன்னானு எனக்குத் தெரியாதுலே. வாயத்தான் பாத்தேன்.”

சண்முகத்தாய் வீட்டுக்கு முதலில் போனோம். அவள் அழுதாள். “‘ஏங்க, ஏங்க’னுதான் கூப்புட்டா. அப்பறம் உங்க பேரச் சொன்னா” என்றாள். நான் அவர் காதில் கத்திச் சொன்னேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து மாரித்தாய் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. ஓட்டுப் போடப் போகிற இடத்தில்கூட அடுத்தவளை விட்டுத்தான் சொல்ல வைப்பாள்.

“பேரையா?” என்றார் அண்ணன். “பேரச் சொன்னாளா?”

அடுத்த வீட்டில், ‘ஏங்க’ எல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே பெயர்தான் என்றார்கள். ‘ஏலே’ போட்டுக் கூப்பிட்டாள் என்று இன்னொருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். கோபமாகக் கேட்டது என்றாள் ஒருத்தி. கோபம் இல்லை, பயம் என்றாள் அவள் மகள். ஒவ்வொருத்தி சொல்வதையும் அவர் கேட்டுக்கொண்டார், ஒன்றையும் மறுக்கவில்லை.

கடைசியாக முத்துச்செல்வி வீடு. அன்றைக்கு மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். “அவ சொன்ன மாதிரியே ஒருக்கச் சொல்லு தாயி” என்று அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். வெந்த விரல்கள் சரியாகச் சேரவில்லை. அவள் மாட்டேன் என்றாள். பெரிய மனுஷனை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்றாள். பிறகு அவர் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, “அம்புட்டுத் தூரத்துல இருந்துதான் கூப்புட்டா” என்று தெருமுனைத் தண்ணீர்க் குழாய் வரைக்கும் போனாள். அங்கே நின்று கையால் வாயைக் குவித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“கோட்டைச்சாமீ...!”

தெருவில் கதவுகள் திறந்தன. ஒரு நாய் குரைத்துக்கொண்டு ஓடியது. அண்ணன் காதைக் கையால் குவித்து அவள் பக்கமாகச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். அவள் கத்தி முடித்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்ட பிறகும் அப்படியே நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“எனக்குக் கேக்கலலே பெத்தணா” என்றார்.